கப்பல் வந்து இறங்கிய நாள்

ஆயிரத்து அறுபத்தாறாம் ஆண்டில் ஐரோப்பாவில் என்ன நடந்தது என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். அந்த ஆண்டின்மீது எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் மாமாமீது.

நான்காம் வகுப்பில் ரீச்சர் ஆளுக்கொரு ஆண்டைப் பிரித்துக் கொடுத்தார். அதன் முக்கிய நிகழ்ச்சிகளை பிரிஸ்டல் போர்டு என்ற பெரிய அட்டையில் ஒட்டி, வகுப்பின் முன்னால் நின்று சொல்லவேண்டும். அப்பாவுக்குத் தூரத்தில் மிசிசாகாவில் வேலை, அம்மாவுக்கு இரண்டு வேலை. உதவிக்கு மிஞ்சியவர் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ற்றில் இருந்த அம்மாவின் தம்பி. ஊரிலிருந்து வந்து அகதி விசாரணைக்குக் காத்திருந்தார். ஊரில் ஆமிப் படை தன்னைப் பிடித்த மாதத்தை விமான நிலையத்தில் ஒன்றாகவும், பிறகு படிவத்தில் வேறொன்றாகவும் சொல்லிவிட்டாராம். லோயர் அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து வீட்டில் அதே கதைதான். அடுத்த கிழமை விசாரணை, மாதம் பிழையென்று பட்டால் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா தொலைபேசியில் அழுததும் என் காதில் விழுந்திருந்தது. பெரியவர்கள் பேச்சு, எனக்கென்ன.

எனக்கு என் போர்டுதான் பெரிது. ஜனவரியில் இங்கிலாந்தின் அரசர் பிள்ளையில்லாமல் இறந்தார். ஏப்ரலில் வால்வெள்ளி. செப்டம்பரில் நோர்மண்டிக் கோமகன் படையோடு கப்பலில் வந்து இறங்கினார். ஒக்டோபரில் சண்டையில் வென்றார், டிசம்பரில் நத்தார்ப் பண்டிகையன்று முடிசூடினார். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பெட்டியாக வடிவாக எழுதி, கலர் அடித்து, ஒட்டியும் விட்டேன். அதற்குப் பிறகுதான் மாமா லைப்ரரிப் புத்தகங்கள் இரண்டையும் எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தார்.

"பிள்ளை, இஞ்ச வா. ஒண்டு இருபத்தெட்டு எண்டுது, மற்றது இருபத்தொன்பது எண்டுது. அவன் எப்ப வந்து இறங்கினவன்?"

"ஒரு நாள்தானே மாமா வித்தியாசம்."

"ஒரு நாளோ? வந்த நாளைத்தான் முதல் கேப்பினம். ஒண்டு பிழைச்சா மிச்சம் ஒண்டையும் நம்பமாட்டினம்."

சொல்லிக்கொண்டே சவர பிளேட்டால் செப்டம்பர்ப் பெட்டியைக் கிளப்பினார். போர்டின் தோலும் சேர்ந்து உரிந்து வந்தது. ஒரு மனிதர் கப்பலில் ஏறாமலே கடல் தாண்டி வந்து நாட்டைப் பிடித்த கதையாகிவிட்டது என் ஆண்டு. நான் கத்தினேன், அழுதேன். மாமா அசையவில்லை. என்னை எதிரே நிறுத்திவைத்து, ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை சொல்லச் சொன்னார். பிறகு டிசம்பரிலிருந்து ஜனவரி வரை. பாதியில் மறித்து, "ஏன் யோசிக்கிறாய்?" என்பார். ஒரு மனுசனுக்கு இப்படியும் விசர் பிடிக்குமா என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

அடுத்த நாள் காலையில் அவருக்குத் தெரியாமல் புதிய பெட்டி எழுதி, உரிந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு போனேன். வகுப்பின் முன்னால் நின்றதும் தலை வெறுமையாகிவிட்டது. கோமகன் வந்து இறங்கியது ஒக்டோபர் இருபத்தெட்டு என்றேன். அவர் சண்டையில் வென்றதோ ஒக்டோபர் பதினான்கு. ரீச்சர் சிரித்தார். "செப்டம்பர், இல்லையா?" என்று தானே திருத்தினார். ஏ கிரேட் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பேஸ்மென்ற்றுக்கு இறங்கினேன். மாமாவின் மூஞ்சியில் கரி பூசவேண்டும் எனக்கு.

"நான் மாசத்தையே பிழையாச் சொன்னனான். ஒண்டும் நடக்கேல்லை."

மாமா கட்டிலிலிருந்து எழும்பி உட்கார்ந்தார். "அவ என்ன செய்தவ?"

"சிரிச்சவ."

"கோவிக்கேல்லையோ? பொய் சொல்லுறாய் எண்டு சொல்லேல்லையோ?"

"ஏன் சொல்லோணும்? பயத்தில மாறிச் சொல்லிப்போட்டன் எண்டு அவவுக்குத் தெரியும்தானே."

மாமா என்னைக் கட்டிலில் தன் பக்கத்தில் இருத்தினார். பிறகு, ரீச்சர் எப்படிச் சிரித்தார், சிரித்த பிறகு என்ன சொன்னார் என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தரம் கேட்டார். அதையும் சொன்னேன். மூன்றாம் தரமும் கேட்டபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் ஏ வாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ரீச்சரைப் பற்றியே கேட்கிறாரே என்று முறுகிக்கொண்டு மேலே ரீவி பார்க்கப் போய்விட்டேன்.