தண்ணி காட்டிய பல்கீஸ் பீவி

திட்டுவிளை பல்கீஸ் பீவியிடம் ஆடு வாங்கப் போகிறவன் முதலில் அவள் பெருமை பேசுவதைக் கேட்டு முடிக்க வேண்டும். அது லேசில் முடியாது. தாடகைமலைச் சரிவில் மேய்ந்த ஆடு என்பாள், பலாவிலை தின்று வளர்ந்த உடம்பு என்பாள், எங்கே கைவைத்துப் பார்த்தாலும் எலும்பு தட்டாது என்பாள். கடைசியில் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "எனக்க ஆடு பயந்து சாவாது, கேட்டியளா?" என்பாள். வாங்க வந்தவன் தலையாட்டி வைப்பான்.

வெறும் வாய்வீச்சு இல்லை அது. கொழும்புக்குப் போன புருஷன் அங்கேயே காய்ச்சலில் மௌத்தான வருஷம், இரண்டு பெட்டையாட்டோடு தொடங்கியவள் அவள். எட்டு வருஷத்தில் பட்டியில் முப்பது உருப்படி நின்றது. கிடாக்களை விற்று, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, வீட்டுக்கு ஓடும் போட்டுவிட்டாள். இவ்வளவும் செய்தவள் கொஞ்சம் பெருமை பேசினால்தான் என்ன?

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆடு அறுபடுகிற இடத்துக்கு அவளும் கூடப் போவாள். பொம்பளைக்கு அங்கே என்ன சோலி என்று ஊரில் முணுமுணுத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆடு குட்டியாக இருந்த நாளிலிருந்து தண்ணீர் குடித்துப் பழகிய வெண்கலக் கும்பாவைக் கையோடு எடுத்துக்கொள்வாள். ஒவ்வொன்றாக மறைவுக்குக் கொண்டுபோய்த் தண்ணி காட்டுவாள். ஓர் ஆட்டை அறுப்பதை இன்னோர் ஆடு பார்க்கக் கூடாது, கத்தி அதன் கண்ணில் படக் கூடாது என்பதெல்லாம் மார்க்கம் சொன்னது, எல்லாருக்கும் தெரிந்தது. அவள் தன் பங்குக்குச் சேர்த்தது ஒன்றுதான். ஆடு தண்ணீரைக் குடித்தாக வேண்டும். பயந்த ஆடு குடிக்காது. அது குடிக்கும்வரை கத்தி பக்கத்தில் வரக் கூடாது.

பூதப்பாண்டி பொன்னுலிங்கம் பிள்ளை சுத்த சைவம். ஆனாலும் அறுப்பு முடிந்த வயலில் உரத்துக்காக அவளுடைய ஆடுகளைத்தான் கிடை போடச் சொல்வார். ஒருநாள் வரப்பில் நின்றுகொண்டு அவர் கேட்டார்.

"கைய நக்குத சீவன அறுக்கக் குடுக்கதுக்கு ஒனக்கு எப்படி மனசு வருது பல்கீசு?"

"போன வருசம் நீங்க சந்தையில வித்த கெழட்டுக் காள இப்பம் எங்க நிக்கு அண்ணாச்சி?"

பிள்ளை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எனக்க ஆடு எங்க போச்சு, எப்படிப் போச்சுண்ணு எனக்குத் தெரியும். நான் வளக்குதது திங்கதுக்குத்தான். மறச்சுப் பேசல்ல. ஆனா கடைசி வர கூட நிப்பேன்."

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றாறு, பங்குனி மாசம். கோட்டாறு மீரா முகைதீன் முதலாளியின் மகளுக்குக் கல்யாணம். முதலாளி ஏழு கிடா கேட்டு ஆள் விட்டிருந்தார். முதல் நாளே பல்கீஸ் பீவி ஆறு மைல் தூரமும் ஆடுகளை அவசரப்படுத்தாமல் நடத்திக்கொண்டு போய், ராத்தங்கலுக்கு முதலாளியின் தோப்பில் கட்டினாள்.

காலையில் கல்யாண வீட்டுப் பெண்கள் அவளை விடவில்லை. வந்து ஒரு வாய் பலகாரம் தின்னு என்று கொல்லைப்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அறுக்க வந்த சலாஹுதீனிடம் கும்பாவைக் கொடுத்து, "மக்கா, நான் இந்தா வந்திருதேன். அதுவர ஆட்டுக்குத் தண்ணி காட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நல்ல பையன், ஆனால் கையில் எப்போதும் அவசரம்.

பலகாரம் தின்ன உட்கார்ந்தவளுக்குச் சுற்றிலும் பத்துப் பெண்களைக் கண்டதும் வாய் சும்மா இருக்குமா? தாடகைமலையில் தொடங்கினாள். பலாவிலைக்கு வந்தாள். "எனக்க ஆடு பயந்து..." என்று சொல்லும்போதுதான் தோப்பிலிருந்து அலறல் கேட்டது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுந்த கிடாயின் குரல். அவளுக்கா தெரியாது? தாய் செத்த குட்டி அது, துணியில் பால் நனைத்து அவள் ஊட்டி வளர்த்தது.

அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது சுட்டி மண்ணில் கிடந்தது. மிச்சம் ஆறும் எதிரே வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஒன்றும் கத்தவில்லை. கால் நான்கையும் விறைப்பாக ஊன்றிக்கொண்டு ரத்தத்தையே பார்த்துக்கொண்டு நின்றன. பக்கத்தில் கும்பா. தண்ணீர் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது.

"தண்ணி காட்டச் சொன்னேனே, எலே?"

"காட்டினேனே மாமி. எல்லாத்துக்க மூஞ்சிக்கு முன்னாலயும் கொண்டுபோய்க் காட்டினேன்."

"குடிச்சுதா?"

"நீங்க காட்டத்தானே சொன்னிய?"

அவள் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தாலும் தப்பில்லை என்பேன் நான். ஆறு ஆட்டையும் அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நேரே ரோட்டுக்கு நடந்தாள். கல்யாண வீடு கலங்கிப்போயிற்று. அடுப்பில் நெய்ச்சோற்றுக்கு உலை கொதிக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம், கறியோ ரோட்டில் நடந்து போகிறது. முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து மறித்தார்.

"ஏட்டி, கல்யாணத்துக்கு வந்த ஊருக்கெல்லாம் தண்ணி காட்டப் பாக்குதியா? இப்பம் திரும்பல்லண்ணா இனி கோட்டாத்துல ஒருத்தனும் ஒனக்க ஆட்ட வாங்க மாட்டான். நான் வாங்க விடமாட்டேன்."

செய்யக்கூடியவர்தான். கோட்டாறு இல்லையென்றால் முப்பது ஆட்டை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்? அவள் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"ஆட்டுக்கு ஒழுங்காக் காட்டியிருந்தா நான் எதுக்கு மொதலாளி ஊருக்குக் காட்டுதேன்? ஈரக்கொல நடுங்கிச் செத்தத, கல்யாணச் சோத்துல போட்டுத் தின்னச் சொல்ல மாட்டேன். அத வளத்தவ நான்."

கூட்டத்தில் யாரோ குபீரென்று சிரித்துவிட்டார்கள். முதலாளிக்கும் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. மார்க்கம் படித்த மனிதர். சலாஹுதீனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன செய்யணும், சொல்லு."

ஓலைத்தட்டி கட்டி மறைக்கச் சொன்னாள். ரத்தம் பட்ட மண்ணை வெட்டி மாற்றச் சொன்னாள். ஆறு ஆட்டையும் ரத்த வாடை எட்டாமல் தோப்பின் மேல்காற்றுப் பக்கம் கொண்டுபோய்க் கட்டி, நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் கழுத்தையும் தடவிக்கொடுத்தாள். ஒரு மணிக்கூர் ஆயிற்று. முதலில் கறுத்த கிடா வாயை அசைத்து அசைபோடத் தொடங்கியது. அதைத் தட்டிக்கு அந்தப்புறம் கூட்டிப் போனாள். கும்பாவைக் குனிந்து பிடித்தாள். சலாஹுதீன் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றான். கிடா முகர்ந்து பார்த்தது, பிறகு சளப் சளப்பென்று குடித்தது. இப்படியே ஆறும் குடித்தன. ஆறுக்கும் கூட நின்றாள். ஒன்றுக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பந்தி இரண்டு மணிக்கூர் தாமதம். பசியால் யாரும் செத்துப்போகவில்லை.

முதலாளியே அவளை உட்காரவைத்து இலை போடச் சொன்னார். அவள் கறிச்சட்டிப் பக்கம் திரும்பவில்லை.

"மொதலாளி, சுட்டிக்க ஈரக்கொல எங்க?"

சமையற்காரர் அதை இன்னும் அடுப்பில் ஏற்றியிருக்கவில்லை. உப்பும் நல்லமிளகும் போட்டுச் சுட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள். அழுதாளா என்று கேட்பீர்கள். அழுதாள். தின்றாளா? ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றாள்.

அதற்குப் பிறகு கோட்டாற்றில் கறி வாங்குகிறவர்கள், "ஆடு தண்ணி குடிச்சுதா?" என்று கேட்கப் பழகிக்கொண்டார்கள். சலாஹுதீனே பின்னாளில் தன்னிடம் தொழில் படிக்க வந்தவர்களிடம் கத்தியைக் கொடுப்பதற்கு முன்னால் கும்பாவைக் கொடுத்தான். பல்கீஸ் பீவியின் பட்டி முப்பதிலிருந்து அறுபதாயிற்று. பெருமை பேசுவதும் குறையவில்லை. தாடகைமலை, பலாவிலை எல்லாம் வரிசை தப்பாமல் வரும். கடைசி வார்த்தை மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது.

"எனக்க ஆடு பயந்து சாவாது, கேட்டியளா? ஒண்ணு செத்துது. நான் பெரும பேசிட்டு இருந்த நேரம். அதுக்க ஈரக்கொலய நாந்தான் தின்னேன்."