தறிச் சத்தத்துக்குள் ஒரு பாட்டு

பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்கு மோட்டார் பழுது பார்க்கப் போனபோது அந்தத் தறிக்காரரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். மீசையில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். டீ நேரத்தில் செல்போனில் பழைய குங்ஃபூ படம் பார்ப்பார், சத்தமே இல்லாமல். படத்தில் அடி விழும்போது இவர் தோள் லேசாக விலகும்.

“ஏனுங்க, சத்தம் வெக்கலீங்களா?” என்றேன்.

“தமிழ்ல பேச வெச்ச படமுங்க. வாயி ஒண்ணு சொல்லுது, சத்தம் வேற சொல்லுது. தறிக்குள்ள நாங்க வாயப் பாத்தே பேசிப் பழகிட்டமுங்க. அதனால ஒட்ட மாட்டேங்குது.”

தறி ஓடும்போது அவர் வாய் நிற்காது. எதிர்த் தறியில் அவர் மனைவி குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். என்னவென்று கேட்டேன்.

“செல்போன்ல வர்ற ‘ராப்’ பாட்டுங்க. மெட்டு எவனோடதோ, கேலி மட்டும் நம்முளுது. ஊட்டுக்காரிக்குப் பாடறதுங்க.”

மறுநாள் திடீரென்று கரண்ட் போனது. எல்லாத் தறியும் நின்றுவிட்ட அமைதியில் அவர் குரல் மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது:

“ஆறு பேரு வந்தாலும் அடிப்பேன்டி, நீ அரிசிம்பருப்பு ஆக்குனா அடங்குவேன்டி.”

எல்லோரும் திரும்பினோம். அவர் அறுந்துபோகாத நூலுக்கு முடிச்சுப் போடக் குனிந்துகொண்டார். அந்த அம்மா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“அடுத்த வரி என்னங்க?” என்றேன்.

“கரண்ட் வரட்டுமுங்க.”

வந்தது. அவர் வாய் அசைந்தது, அந்த அம்மா சிரித்தார். இருவருக்கும் நடுவில் நின்ற எனக்குத் தறிச் சத்தம்தான் கேட்டது.

இப்போதெல்லாம் குங்ஃபூ படம் ஓடினால் நானும் சத்தத்தை நிறுத்திவிட்டு வாயையே பார்க்கிறேன். இன்னும் பிடிபடவில்லை.