ஷமீமாவுக்குத் தெரியாத நிறம்

மாடி வீட்டுப் பெண் கல்லூரியில் முதலாம் ஆண்டு. நேற்று கால்குலேட்டரோடு இறங்கி வந்தாள். "மோல் கணக்கு ஆன்ட்டி. எத்தினி வாட்டி போட்டாலும் தப்பா வருது."

"கீழ இருக்கறத மொத்தமா பிராக்கெட்ல போட்டு வகுத்துப் பாரும்மா."

சரியாக வந்துவிட்டது. அவள் என்னை ஒரு மேதையைப் போலப் பார்த்தாள். எனக்குக் கூச்சம். அது என் சொந்தச் சரக்கே இல்லை; ஷமீமா சொல்லிக் கொடுத்தது.

ஷமீமா நான் கல்லூரியில் படித்தபோது கெமிஸ்ட்ரி லேபில் என் ஜோடி. முதலியார்பேட்டைக்காரி. லேப் என்றாலே எனக்கு அழுகின முட்டை நாற்றம்தான் முதலில் வரும். ஹைட்ரஜன் சல்ஃபைடு தலைமுடியில் ஏறிக்கொண்டு இறங்காது. பஸ்ஸில் யாரும் எங்கள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். "ராணிங்க மாதிரி போறோம்டி" என்பாள்.

கணக்கில் நான் மந்தம். அவளோ கால்குலேட்டரைப் பார்க்காமல் விரலாலேயே தட்டிவிடுவாள். "பெருக்கல் பத்துன்னு அடிக்காத, ஈ-எக்ஸ்-பி பட்டன அமுக்கு" என்று என்னை அதட்டுவாள். சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷனில் மட்டும் பியூரெட் குழாயைத் திருகியபடி கேட்டுக்கொண்டே இருப்பாள்: "வந்துச்சாடி?" ஒரே சொட்டில் குடுவை இளஞ்சிவப்பாகும்; அதற்கு மேல் ஒரு சொட்டு போனாலும் அளவு தப்பு. "நிறுத்து" என்பேன். பேச்சுத் துணைக்குக் கேட்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

கடைசி வருடச் செய்முறைத் தேர்வில் ஆளுக்கொரு மேசை. திரும்பிப் பார்த்தேன். அவள் குடுவை அடர்ந்த ரோஜா நிறமாகிவிட்டிருந்தது. அவள் இன்னும் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, கண்ணு தெரியலயா?" என்றார் தேர்வாளர். எரிச்சலில் கேட்டதுதான்.

ஷமீமா குழாயை மூடினாள். "ஆமா சார்."

விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டு வந்ததாம். மருந்தில்லையாம். வீட்டாருக்கு மட்டுமே தெரியும். மறுநாள் அவள் வீட்டுக்குப் போய், "ஏண்டி எங்கிட்ட சொல்லல?" என்று அழுதேன்.

"சொல்லியிருந்தா நீ இப்பிடித்தான் அழுதுனு நின்னிருப்ப. சொட்டு அதிகமாப் போயிருக்கும்" என்று சிரித்தாள்.

அதன்பின் அவள் கல்லூரிக்கு வரவில்லை. நான் கல்யாணமாகி சேலம் போனேன். ஊருக்கு வரும்போதெல்லாம் பார்ப்பேன். குரலை வைத்தே, "இளைச்சிட்டியேடி" என்பாள். இரண்டு பேருமே சிரிப்போம். ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள். செய்தி எனக்கு வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

இப்போது ஊருக்கே திரும்பி வந்து நெல்லித்தோப்பில் குடியிருக்கிறேன். போன மாதம் முதலியார்பேட்டைப் பக்கம் போனபோது அந்தத் தெருவுக்குள் நுழைந்தேன். வரிசையாக அடுக்குமாடிகள். செருப்பைக் கழற்றிவிட்டு "ஷமீமா" என்று கூப்பிட்ட வாசல் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. கேட்பதற்கும் அங்கே தெரிந்தவர் யாருமில்லை.