ஷேர் ஆட்டோவில் ஒரு பாலே ரசிகை

இன்று மாலை கோயம்பேட்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பக்கத்துப் பெண்ணின் போனில், கல்லூரி நாட்களில் நான் சிடி தேயத் தேயப் பார்த்த அதே பாலே நடனம்!

நாயகி சுழலத் தொடங்கும் நேரத்தில் அந்தப் பெண் வீடியோவை நிறுத்தினாள்.

"ஐயோ, நிறுத்தாதீங்க! இப்பதான் சுத்தப் போறா!" என்று கத்திவிட்டேன்.

அவள் கண்கள் விரிந்தன. "அக்கா, நீங்களும் பாப்பீங்களா? நான் சர்ச்ல கீபோர்டு வாசிக்கிறேன். மியூசிக்குக்காகத்தான் இத பாக்க ஆரம்பிச்சேன்."

ஆளுக்கு ஒரு இயர்போனை மாட்டிக்கொண்டு கடைசிவரை பார்த்தோம்.

"இன்னாம்மா, வேலப்பன்சாவடின்னு சொல்லிகினு ஏறுனீங்க. பூந்தமல்லியே வந்துட்ச்சு!" என்றார் டிரைவர். இருவருமே இறங்க மறந்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வருகிறாள், டிவியில் பெரிதாகப் பார்க்க. இந்தப் பக்கம் வேறு பாலே பைத்தியங்கள் ஒளிந்திருந்தால் சொல்லுங்கள், சோபாவில் ஓர் இடம் காலி.