பறவை விழாத காற்றாலை

எங்கள் அக்காவுக்கு வேலை, காற்றாலைகளுக்கு அடியில் செத்து விழும் பறவைகளைத் தேடிக் கணக்கெடுப்பது. கேட்டதும் முகம் சுளிக்காத ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அக்காவோ, உயிரோடு இருக்கிற மனுஷர்களைவிட அவற்றால் தொந்தரவு குறைவு என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுவாள். கூடவே மோப்பம் பிடிக்கப் பழக்கிய ஒரு பெட்டை நாய். வேலை என்று வந்துவிட்டால் யாருக்கும் வளைந்து கொடுக்காது என்பதால் எல்லோரும் அதை 'மேடம்' என்றே கூப்பிடுவோம். நான் அங்கே ஜீப் ஓட்டுகிறேன். காலையில் இரண்டு பேரையும் ஒவ்வொரு காற்றாலையாக இறக்கிவிட வேண்டும். ஒவ்வொன்றைச் சுற்றியும் சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டிருக்கும். அதற்குள்தான் தேடவேண்டும் என்பது சட்டம்.

அக்காவின் வீட்டுக்காரர், அதாவது என் மாமா, அங்கேயே மெக்கானிக். ஆறாம் நம்பர் காற்றாலை அவர் பொறுப்பு. சாப்பிட உட்கார்ந்தால் போதும், இருவருக்கும் வாக்குவாதம் ஆரம்பித்துவிடும். கரி எரித்துப் புகை கக்குவதைவிட இது எவ்வளவோ மேல், பூனை கொல்லாத பறவையையா காற்றாலை கொன்றுவிட்டது என்பார் மாமா. பூனைக்கு வக்கீலாகப் போகவேண்டாம், பருந்துகள் கூட்டமாகக் கடந்து போகிற சீசனில் மத்தியானம் மட்டும் நிறுத்தினால் குடியா முழுகிவிடும் என்பாள் அக்கா. கடைசியில் மாமா மார்தட்டுவார். ஆறாம் நம்பரின் கீழே இதுவரை ஓர் இறகுகூட விழுந்ததில்லை. எங்கள் கணக்கும் அதையே சொன்னதால் நானும் தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்வேன்.

அந்தப் பெருமைதான் வினையாகிவிட்டது. ஐந்திலும் ஏழிலும் விழுகிற பறவை, நடுவில் ஆறில் மட்டும் எப்படி விழாமலிருக்கும்? நாய்க்கு மூக்கு மழுங்கிவிட்டது என்று அலுவலகத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு சோதனை வைப்பார்கள், தவறவிட்டால் மேடத்தைப் பயிற்சிக்கூடத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஓர் அதிகாரி வந்து, செத்த காடைகளின் காலில் சிவப்பு நூல் கட்டி, விடிவதற்கு முன்பே சில வட்டங்களுக்குள் போட்டு வைப்பார். இதை மெக்கானிக்குகளிடம் சொல்லக்கூடாது என்பதால் அக்கா மாமாவிடம் மூச்சு விடவில்லை. சோறு இறங்காமல், மகளை ஹாஸ்டலுக்கு அனுப்பப் போகிறவள் மாதிரி மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா அஜீரணம் என்று நினைத்து மாத்திரை வாங்கி வந்தார்.

சோதனையன்று மற்ற வட்டங்களிலிருந்த காடைகளை மேடம் நொடியில் கண்டுபிடித்துவிட்டது. ஆறாம் நம்பரில் மட்டும் ஒன்றுமே இல்லை. இங்கேயும் தன் கையாலேயே போட்டதாக அதிகாரி சொன்னார். அக்காவின் முகம் செத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மேடம் வட்டத்தைத் தாண்டி, பின்னால் இருந்த கருவி அறைப் பக்கம் இழுக்க ஆரம்பித்தது. கோட்டைத் தாண்டினால் தோல்வி என்று அதிகாரி எச்சரித்தார். அக்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு கயிற்றையே விட்டுவிட்டாள்.

மேடம் நேராகப் போய் சுவரோரம் மண்ணைப் பறித்தது. முதலில் சிவப்பு நூல் கட்டிய காடைகள் வந்தன. அதற்கடியில் நூல் கட்டாத ஓர் இளம் பருந்து. சத்தம் கேட்டு மாமா கையில் மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி எடுக்கும்போதே, காடை இந்தப் பக்கம் எப்படி வந்துச்சுன்னு நானே யோசிச்சேன்," என்றார் தலையைக் குனிந்தபடி. "கால்ல நூல் வேற. யாரோ ஆசையா வளர்த்ததுன்னு நெனச்சுப் பொதச்சேன்."

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை.

"எவ்வளவு நாளா இது நடக்குது?"

மாமா சுவரோரமாக நடந்து ஒவ்வோர் இடமாகக் காட்டினார். இங்கே ஒரு வல்லூறு, பெருமழைக்கு மறுநாள் விழுந்தது. இங்கே ஒரு ஜோடி, எது முதலில் விழுந்தது என்று தெரியாது. ஒன்றைக்கூட அவர் மறந்திருக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அப்படிப் பேசிய மனுஷன் இத்தனையையும் மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறார். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அக்கா அவர் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டாள்.

நாய் தேறியது என்றார் அதிகாரி. மற்றதையும் எழுதட்டுமா என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"எல்லாத்தையும் எழுதிக்கோங்க சார்."

பருந்து சீசனில் ஆறாம் நம்பரை மத்தியானம் நிறுத்தவேண்டும் என்று உத்தரவு வந்தது. முதல் நாள் மாமாவே பிரேக்கைப் போட்டார். அந்தப் பெரிய இறக்கைகள் மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றன. மேலே பருந்துகள் பாட்டுக்கு வட்டமடித்துக் கடந்து போயின. கழுத்து வலிக்கிறவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மாமா, அக்காவின் பக்கம் திரும்பினார்.

"எப்படி நின்னுச்சு பாத்தியா? ஒரு கிரீச் சத்தம் இல்ல. வேற யார் மெஷினாவது இப்படி நிக்குமா?"