என் தம்பிக்கு இல்லாத பயம்

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிய நாட்களில்தான் என் தம்பி பிறந்தான். எங்கள் குப்பம் திருவொற்றியூர்க் கடற்கரையில் இருந்தது. மருத்துவச்சி முதல் நாளே ஊரைவிட்டுப் போய்விட்டாள். அம்மாவுக்கு இரண்டு நாள் வலி. கடைசியில் மீன் விற்கும் பக்கத்து வீட்டுக்காரிதான் பிள்ளையை இழுத்துப் போட்டாள். கழுத்தில் கொடி சுற்றி, உடம்பெல்லாம் நீலம் பாரித்து வந்தான். அழவில்லை. தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டித் தட்டி, எல்லோரும் கைவிட்ட பிறகுதான் ஒரு தடவை மூச்சு இழுத்தான். எனக்கு அப்போது பத்து வயது. கதவிடுக்கில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

பிற்காலத்தில் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தபோது, மனநோய் டாக்டர் ஒருவரிடம் இதையும் தம்பி வளர்ந்த விதத்தையும் சொன்னேன். மூளைக்குள்ளே வாதாம் பருப்பு அளவுக்கு ஓர் இடம் இருக்கிறதாம். பயப்படுவதற்கும் அடுத்தவர் வலியைப் பார்த்துப் பதறுவதற்கும் அது வேண்டுமாம். சிலருக்கு அது பிறவியிலேயே மந்தம் என்றார். பிறக்கும்போது மூச்சு முட்டினாலும் மூளை கெடலாம், வளர்க்கிற விதத்தில் இன்னும் கெடலாம், தேறவும் தேறலாம் என்றார். இதில் எங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டேன். அது யாருக்கும் தெரியாதும்மா என்றார். இத்தனை படித்தும் தெரியாதா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

தம்பிக்கு நாலு வயதிருக்கும்போது கொதிக்கிற கஞ்சியை என் காலில் கொட்டிக்கொண்டேன். நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. அவன் மட்டும் குந்தி உட்கார்ந்து கொப்புளம் எழும்புவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விரலால் அதை அழுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வண்டு எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற பிள்ளை முகம்தான்.

அன்றைக்குத்தான் நைனா, எங்கள் அப்பா, முதன்முதலாக அவனைக் கயிற்றால் அடித்தார். அவன் அழவில்லை. அழுதால்தானே புத்தி வந்தது என்று நிறுத்துவார்? அதனால் அடி நீண்டது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தள்ளிவிட்டாலும் பொய் சொன்னாலும், அழுகிற வரைக்கும் அடி. கடைசியில் நைனாவின் கைதான் ஓயும்.

ஆனால் கடலில் கதையே வேறு. ஒன்பது வயதில் அவனைக் கட்டுமரத்தில் ஏற்றினார்கள். வளர்ந்த ஆம்பிளைகளே சாமியைக் கும்பிட்டுக்கொண்டு தாண்டுகிற அலையில் அவன் கண் சிமிட்டாமல் நின்றானாம். குப்பமே கொண்டாடியது. கரையில் எந்தக் குணத்துக்காக அடித்தாரோ, அதே குணத்துக்காகக் கடலில் நைனா மார் தட்டிக்கொண்டார். பயம் இல்லாததைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டோம். ஒரு கடைக்கார வீட்டில் பிறந்திருந்தால், பிள்ளை ஏன் இப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டாவது இருப்பார்கள். எங்களுக்கு அவன் பெருமை.

அவனுக்குப் பதின்மூன்று வயதில், ஐப்பசிக் கடலில் கட்டுமரம் கவிழ்ந்தது. நைனாவும் அவனும் மட்டும்தான் போயிருந்தார்கள். கட்டு அவிழ்ந்து கட்டைகள் சிதற, ஒற்றைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அவன் மட்டும் கரை சேர்ந்தான். நான் கல்யாணமாகி அதே குப்பத்தில் இருந்தேன். ஓடிப் போய்ப் பார்த்தால், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். குடித்து முடித்துவிட்டு, நாங்கள் கேட்காமலே சொன்னான்.

“நைனா என் கால புடிச்சிகினாரு. ரெண்டு பேரையும் கட்ட தாங்காது. ஒதச்சி வுட்டேன்.”

அம்மா அவன் வாயைப் பொத்தினாள். பிள்ளை பயத்தில் உளறுகிறது என்று என்னிடம் சொன்னாள். அவனுக்கா பயம்? மூன்றாம் நாள் நைனாவின் உடம்பு எண்ணூர்ப் பக்கம் ஒதுங்கியது. அடுத்த வாரமே அவனைத் தங்கள் மரத்தில் சேர்த்துக்கொள்ள ஆட்கள் போட்டி போட்டார்கள். நானும் அம்மாவும் வாயைத் திறக்கவில்லை.

அப்போது என் வயிற்றில் பிள்ளை இருந்தான். பிறந்த நாளிலிருந்தே எனக்கு ஒரே கவலை, இவனும் அப்படி வந்துவிடுவானோ என்று. பிள்ளை மாமனைக் கொண்டிருக்கிறது என்று யாராவது மூக்கைப் பார்த்துச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவேன். பக்கத்தில் ஒரு குழந்தை அழுதால் இவன் முகம் கோணுகிறதா என்று கவனிப்பேன். சில நாள் கோணும். சில நாள் விளையாட்டிலேயே இருப்பான். அந்த நாட்களில் இரவெல்லாம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிள்ளைக்கு மூன்றாம் வயதில் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு இருப்பதோ ஒரே தம்பி. வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணத்தைத்தான் நாங்கள் விழுங்கிவிட்டோமே. பிள்ளையைக் கொண்டுபோய் அவன் மடியில் வைத்தேன்.

ஆசாரி முதல் காதில் ஊசியை இறக்கினார். பிள்ளை அழவில்லை. இரண்டாவது காதுக்கும் அழவில்லை. மாமன் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். மாமனுக்கேற்ற மருமகன் என்று கூட்டம் சிரித்தது.

எல்லோரும் சாப்பிட நகர்ந்ததும் பிள்ளையை உள்ளே தூக்கிப்போய்த் தொடையில் கிள்ளினேன். திகைத்துப் பார்த்தான். அறைந்தேன். மறுபடியும் அறைந்தேன். அழுடா, அழுடா என்று கெஞ்சிக்கொண்டே அடித்தேன்.

தம்பி வந்து கதவருகே நின்றான். தடுக்கவில்லை.

“எனுக்கும் நல்லாத்தான் வலிக்கும்க்கா,” என்றான். “எப்டி அயுவறதுன்னுதான் தெர்ல.”

அதற்குள் பிள்ளை வீறிட்டு அழுதான். எனக்கு உயிர் வந்தது. வாரி அணைக்கக் கையை நீட்டினேன். அவன் ஒடுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். பயப்படுகிறான், அப்படியானால் இவன் வேறு என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிறகு விழுந்தாலும் அடிபட்டாலும் என் மகன் என்னிடம் ஓடி வந்ததே இல்லை.