திரும்பிப் பார்க்கக்கூடாத கடலில் ட்ரோனை இறக்குவது

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, கோலாலம்பூரில் அலுவலக மதிய உணவை முடித்துக்கொண்டிருந்தபோது சரவணன் அழைத்தான். கல்லூரிக் காலத்திலிருந்து நண்பன். பினாங்கில் சுங்கை பினாங் அடுக்குமாடி ஒன்றில் வசிக்கிறான். முதல் நாள் அவனுடைய அம்மா இறந்துவிட்டார் என்றான். அன்று காலை மின்சுடலையில் தகனமும் முடிந்திருந்தது. சனிக்கிழமை கடலில் அஸ்தி கரைக்கப் போகிறார்கள்.

"நீ வா. டிரோனையும் எடுத்துட்டு வா," என்றான்.

துக்க வீட்டுக்கு ட்ரோனோடு போவது எப்படி என்று இந்த வலைத்தளத்தில் நான் இதுவரை எழுதியதில்லை. தேயிலைச் சரிவில் இறக்குவது, பாறை இடுக்கில் இறக்குவது, கம்பிவேலிகளுக்கு நடுவே இறக்குவது பற்றியெல்லாம் எழுதியிருக்கிறேன். பறப்பதற்கு ஒரு பொத்தான் இருப்பதுபோல இறங்குவதற்கும் ஒன்று இருக்கிறது. அதை வடிவமைத்தவர் சமதரையில் வாழ்கிறவர் என்பது என் நீண்ட நாள் சந்தேகம். படகில் இறக்குவதைப் பற்றி எழுத எனக்கு அதுவரை எந்த அவசியமும் இல்லை.

அன்று மாலை சரவணனின் அக்கா கமலா ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து பேசினார். அவருக்கு அறுவை சிகிச்சையில் குழந்தை பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. விமானம் ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"தம்பி, இவனுங்க போன்ல எடுத்தா சரவணன் முதுகும் தண்ணியும்தான் இருக்கும். எனக்கு எந்த எடம்னு தெரியணும். கரை எங்க இருக்கு, மலை எங்க இருக்கு, அம்மாவ எங்க விட்டீங்கன்னு மேலேருந்து பாக்கணும். அவ்ளோதான்."

"நேரடியா வீடியோ கால்ல காட்டட்டுமாக்கா?"

"வேணாம்பா. அந்த நேரத்துல என்னால பாக்க முடியாது. எப்ப முடியுதோ அப்பப் பாத்துக்கறேன். நீ பத்திரமா எடுத்து அனுப்பு."

ஆகவே ஒரே ஒரு பதிவு. அது ட்ரோனுக்குள் இருக்கும் நகம் அளவு நினைவக அட்டையில் இருக்கும். ட்ரோன் கடலில் விழுந்தால் அட்டையும் விழும். அம்மா போன இடத்தைக் கமலாவுக்குக் காட்ட வேறெதுவும் இருக்காது.

வெள்ளிக்கிழமை காலை ரயில் ஏறினேன். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அங்கிருந்து படகுத்துறை நடக்கும் தூரம்தான். கூரை போட்ட நடைபாதை இருக்கிறது. தீவுக்குப் போகும் பயணிகள் படகுக்கு இரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். ஜார்ஜ்டவுன் துறையில் இறங்கியதும் பெரும்பாலானோர் சுவரோவியங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கப் போனார்கள். நான் செயலியில் ஒரு வாடகைக் காடி பிடித்தேன். ஓட்டுநர் ஐம்பது வயது மதிக்கத்தக்க தமிழர். என் மடியிலிருந்த பெட்டியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, அது டிரோன்தானே? கல்யாண ஷூட்டிங்கா?"

"இல்லண்ணே. அஸ்தி கரைக்கறதுக்கு."

ஒரு சமிக்ஞை விளக்கைத் தாண்டிவிட்டுக் கேட்டார்.

"அதுக்கும் பேக்கேஜ் போட்டுட்டானுங்களா?"

"பேக்கேஜ் இல்லண்ணே. கூட்டாளியோட அம்மா."

"சோரி தம்பி, சோரி லா." பிறகு மெதுவாக, "எங்கம்மாவுக்கும் அங்கதான் கரைச்சோம், தஞ்சோங் பூங்காவுல. எந்த எடம்னு இப்ப கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது," என்றார்.

இறங்கும்போது மீதிச் சில்லறையை வாங்க மறுத்தேன். அவர் வற்புறுத்திக் கையில் வைத்தார்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குச் சுங்கை பினாங்கிலிருந்து கிளம்பினோம். தஞ்சோங் பூங்கா கடற்கரை அந்த நேரத்தில் இருபத்தைந்து நிமிடம். சடங்கு செய்துவைக்கும் பண்டாரம் எங்களுக்கு முன்பே வந்து மணலில் வாழையிலை விரித்திருந்தார். படகுக்காரர் ரஹீம் அண்ணன், தமிழ் முஸ்லிம். வார நாள்களில் மீன் பிடிக்கப் போகிறவர்களையும், விடுமுறை நாள்களில் சுற்றுலாப் பயணிகளையும், இடையில் கிடைக்கும் காலைகளில் எங்களைப் போன்றவர்களையும் கூட்டிப்போகிறார். எல்லோருக்கும் ஒரே ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கிதான். கட்டணம் இருநூறு வெள்ளி.

கரையில் சடங்கு முடிந்ததும் பண்டாரம் சரவணனிடம் ஒன்றை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

"தண்ணியில விட்டதும் அப்பிடியே கரையப் பாத்து உக்காந்துரணும். என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பாக்கக்கூடாது. அம்மா நிம்மதியா போகணும்ல?"

சரவணன் தலையாட்டினான். ரஹீம் அண்ணனும் தலையாட்டினார். "அஸ்திய விட்டதும் நான் படகை நேரா கரைக்கு வுட்ருவேன் ஐயா, நிப்பாட்ட மாட்டேன்," என்றார். இந்த வழக்கத்தை மதித்து நடப்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. நானும் தலையாட்டினேன். பறக்கவிடுகிறவன் என்ற முறையில் நான் அங்கே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

படகில் சரவணன், ரஹீம் அண்ணன், நான் என மூவர்தான். கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் படகு நின்றது. ஆடும் தளத்தில் ட்ரோனை வைத்துக் கிளப்பினால் அது தன்னைத்தானே சரிபார்க்க முடியாமல் அடம்பிடிக்கும். அதனால் உள்ளங்கையில் வைத்துக் கிளப்பினேன். நாற்பது மீட்டர் உயரத்தில் நிறுத்தி, கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தேன். படகு, தண்ணீர், கரை, கட்டடங்கள், பின்னால் மலை. கமலா கேட்டது அத்தனையும் ஒரே சட்டகத்தில் இருந்தது.

சரவணன் பானையைக் கட்டிய துணியை அவிழ்த்துத் தண்ணீருக்குள் சாய்த்தான். சாம்பல் நான் நினைத்ததைவிட வெண்மையாக இருந்தது. சிறிது நேரம் படகின் பக்கத்திலேயே நின்று, பிறகு மெல்ல விரிந்தது. பூக்கள் மிதந்தன. அவன் பானையையும் விட்டான். பிறகு, சொன்னபடி, முகத்தைக் கரைப்பக்கம் திருப்பி முன்பலகையில் உட்கார்ந்துகொண்டான். ரஹீம் அண்ணன், அவரும் சொன்னபடி, விசையை முறுக்கினார்.

ட்ரோன் அங்கேயே நின்றது.

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம். கிளம்பிய இடத்தைத்தான் ட்ரோன் வீடு என்று நினைவில் வைத்துக்கொள்ளும். மின்கலம் குறைந்தால் யாரையும் கேட்காமல் அங்கே திரும்பிப் போய் இறங்கும். தரையில் இது நல்ல குணம். படகிலிருந்து கிளப்பினால் அந்த வீடு வெறும் தண்ணீர். கையிலிருக்கும் ரிமோட் கட்டுப்படுத்தியே வீடு என்று கிளம்பியவுடன் மாற்றிவைக்க வேண்டும். பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்ததில் மாற்றவில்லை. இப்போது அதன் வீடு அஸ்தி கரைத்த இடம். நாங்களோ அந்த இடத்தைத் திரும்பிப் பார்க்காமல் விரைந்துகொண்டிருந்தோம்.

உறவுக்காரன் இல்லை என்பதால் நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ட்ரோனைப் படகை நோக்கி ஓட்டினேன். காலையில் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். எதிர்க்காற்றில் அது திணறியது. மின்கலம் கண்ணெதிரே இறங்கியது. கட்டுப்படுத்தி கீச்சிட்டது. ட்ரோன் வந்த வழியே திரும்பி, பூக்கள் மிதந்த இடத்துக்குப் போய்ச் செங்குத்தாக இறங்க ஆரம்பித்தது.

"அண்ணே, நிறுத்துங்க!"

"நிப்பாட்டக்கூடாதுன்னு சாமி சொன்னாருல்ல?"

"டிரோன் தண்ணிக்குள்ள எறங்குது அண்ணே!"

சரவணன் அசையவில்லை. கரையைப் பார்த்தபடியே சொன்னான்: "நிப்பாட்டுங்கண்ணே. அக்காவுக்கு அது வேணும். நான் திரும்ப மாட்டேன்."

ரஹீம் அண்ணன் விசையைத் தளர்த்தினார். நான் இறக்கத்தை ரத்து செய்து, ட்ரோனை மேலே தூக்கி, மறுபடி எங்களை நோக்கிச் செலுத்தினேன். அது படகருகே வந்தபோது மின்கலம் பதினொரு சதவீதம். கரைவரை அதனால் போக முடியாது. கையில்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு கையால் கட்டுப்படுத்தியைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினேன். படகு ஆடியது, நான் பலகையில் சரிந்தேன். கை நெருங்கியதைத் தடை என்று நினைத்து ட்ரோன் எகிறி விலகியது. ரஹீம் அண்ணன் படகைக் காற்றுக்கு நேராகப் பிடித்திருந்தார், அவரால் கையை எடுக்க முடியாது. எட்டு சதவீதம்.

"நான் புடிக்கறேன்," என்றான் சரவணன்.

"பின்னாடி இருக்குடா."

"முன்னாடி கொண்டா."

வழக்கமாக இதைச் செய்யவே மாட்டேன். பிடிப்பவருக்குக் காற்று முதுகுப்பக்கமிருந்து வர வேண்டும். அப்போதுதான் ட்ரோன் தள்ளப்பட்டாலும் அவரைவிட்டு விலகிப் போகும். முன்னாலிருந்து வந்தால் ஒரு பலத்த காற்று போதும், சுழலும் இறக்கைகளை முகத்தில் கொண்டுவந்து வைத்துவிடும். ஆனால் அவனுக்கு அந்த ஒரு திசைதான் இருந்தது.

தடையுணரியை அணைத்தேன். ட்ரோனை எங்கள் தலைக்கு மேலே கடத்தி, படகுக்கு முன்னால் கொண்டுபோய்த் திருப்பினேன். அவன் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததால் அவன் கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் கேமராவை அவனை நோக்கித் திருப்பி, திரையில் அவன் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டே இறக்கினேன்.

"மூஞ்சிக்கு மேல கைய நீட்டு. அடியில புடி. புடிச்சதும் விடாத, அது திமிறும்."

"வாயப் பொத்து. கொண்டா."

ஒரு அடி. அரை அடி. பிடித்தான். ட்ரோன் திமிறியது. நான் கீழிறக்கும் குச்சியை அழுத்திப் பிடித்திருந்தேன், இறக்கைகள் நிற்கும்வரை. நின்றபோது ஐந்து சதவீதம். அவன் கட்டைவிரலில் ஒரு வெட்டு, ஆழமில்லை. ட்ரோனைத் தலைக்குப் பின்னால் நீட்டி, திரும்பாமலே என்னிடம் கொடுத்தான்.

ரஹீம் அண்ணன் விசையை மறுபடி முறுக்கினார். "முப்பது வருசமா கடல்ல இருக்கேன்," என்றார். "பறக்கறத இப்பிடிப் புடிச்சி இன்னிக்குத்தான் பாத்தேன்." யாரும் சிரிக்கவில்லை, ஆனாலும் அவர் அதைச் சொன்னது நன்றாக இருந்தது.

கரையில் பண்டாரம் விரலைப் பார்த்தார், ட்ரோனைப் பார்த்தார். "திரும்பிப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல சாமி."

"அப்ப சரி. போய்க் குளி."

கடலுக்கு ட்ரோன் கொண்டுபோக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பினாங்கில் எங்கே பறக்கவிடலாம் என்பதற்கு விதிகள் உண்டு. தீவின் தெற்கில் விமான நிலையம் இருக்கிறது, தேசியப் பூங்காவுக்குத் தனிக் கட்டுப்பாடு. இணையத்தில் என்னைப் போன்றவர்கள் சொல்வதை நம்பாமல் அதிகாரிகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜார்ஜ்டவுனிலிருந்து தஞ்சோங் பூங்காவுக்குப் பேருந்து உண்டு, ஆனால் பானையும் ட்ரோனும் வைத்திருந்தால் காடிதான் நல்லது. காலைத் தரைக்காற்றைக் கணக்கில் கொண்டு, பாதி மின்கலம் இருக்கும்போதே திரும்பத் தொடங்குங்கள். வீட்டை மாற்றிவையுங்கள். படகில் இன்னொரு ஆள் இருக்கட்டும். துக்கத்தில் இல்லாத ஆள். அவருக்குத் தடிமனான கையுறை கொடுங்கள்.

சடங்குகளைப் பற்றி ஒன்று: படகில் ஏறுவதற்கு முன்னால், எது செய்யக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் கருவி அதைச் செய்யுமா என்று யோசியுங்கள். என்னுடையது செய்தது. சரவணன் பார்க்கக்கூடாத பக்கத்தை அது பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி நான் பண்டாரத்திடம் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

இன்னொன்று. இறக்குவதற்கு முன் பதிவை நிறுத்திவிடுவது என் பழக்கம். கைகளும் முகங்களும் வந்து கடைசியில் குழப்பமாக இருக்கும், எப்படியும் வெட்டத்தான் வேண்டும். அன்று நிறுத்த மறந்துவிட்டேன். அன்று மதியமே வெட்டாமல் முழுவதையும் கமலாவுக்கு அனுப்பினேன்.

ஒன்பது நாள் கழித்து அவர் அழைத்தார். பின்னணியில் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தேன்பா. எடம் நல்லா தெரியுது. மலையும் தெரியுது."

"சரிக்கா."

"அத ஒரு தடவதான் பாத்தேன். கடைசியில அவன் மூஞ்சி கிட்ட வருதுல்ல, அதத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கறேன்." குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. "சொந்தக்காரங்க எல்லாம் போன் பண்ணி, ஒந்தம்பி கல்லு மாதிரி இருந்தான், ஒரு சொட்டுகூட அழலன்னாங்க. நானும் அதயே நெனச்சிட்டுக் கெடந்தேன், இதப் பாக்கறவரைக்கும்."

நான் விரல்களை மட்டுமே பார்த்திருந்தேன் என்று சொன்னேன்.

"நீ போட்டுப் பாக்காத. அவன்கிட்டயும் சொல்லிடாத," என்றார் கமலா.

சரவணன் இந்தத் தளத்தைப் படிப்பதில்லை. ட்ரோன் சமாச்சாரம் சலிப்பாக இருக்கிறது என்று முன்பே சொல்லிவிட்டான். அந்தக் கடைசி நாற்பது விநாடி என் கணினியில் அப்படியே இருக்கிறது. நான் அதைத் திறந்து பார்க்கவில்லை.